தழலின் ஓய்வு

வழி மூடப் பதினொரு நாள் இருந்தபோது, பவளக்கொடி அளவுக்குகையின் வாசலில் குந்தி உட்கார்ந்து பழைய இரும்புத் துண்டுகளைத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தழல் உச்சிக்கு வரப் பத்து நிமிடம்கூட இல்லை.

"ஏம்மா, அளக்கப் போற நேரத்துல காயலான் கடை போடறியா?"

"ஒரு நிமிசம்க்கா. பதினாறு ஆச்சு. இன்னும் மூணு கெடக்கு."

அவள் நெய்தல்காரி. நெய்தலில் எதற்கும் 'ஒரு நிமிசம்' உண்டு. எங்கள் ஆலியில் கிடையாது.

ஆலி ஒரு நிலா. மேலிருந்து கீழ்வரை பனிக்கட்டி. அதைக் குடைந்து ஊர் அமைத்து நாலாயிரம் பேர் இருக்கிறோம். நெய்தல் ஒரு கோள், கடல் சூழ்ந்தது, தழலுக்குப் பக்கத்தில் இருப்பது. தழல்தான் எங்கள் இரண்டு உலகத்துக்கும் நட்சத்திரம். தழலுக்குப் பக்கம் என்றால் கீழே, தள்ளி என்றால் மேலே என்று சொல்லிப் பழகிவிட்டோம். தழல் வயதாகி வீங்கிக்கொண்டு வருகிறது என்பது முன்னோர்கள் வந்து இறங்கிய நாளிலேயே தெரியும். அதனால் அவர்கள் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். தழலின் வட்டம் இன்ன அளவைத் தொட்டால் ஆலி கதவைத் திறக்க வேண்டும். மேலே நிறுத்தியிருக்கும் பெருங்கலத்தைக் கீழே அனுப்பி, ஒரு நடைக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஆலியும் நெய்தலும் சரியான நிலைக்கு வந்து வழி திறப்பது மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான். அதுவும் சில வாரங்களுக்குத்தான்.

வட்டத்தை அளப்பது என் வேலை. முப்பத்தோர் ஆண்டாக அளக்கிறேன். பேர் வேதநாயகி. பனிப்பாறையில் நேராகக் குடைந்த நானூறு மீட்டர் குகை. இந்த முனையில் தழலைப் பார்த்துத் திரும்பும் கண்ணாடியும் ஒரு சிறு துளையும். அந்த முனையில் ஒப்பந்த அளவுக்குக் கோடு போட்ட வெள்ளைத் திரை. துளை வழியாக வரும் ஒளி திரையில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு வட்டமாக விழும். ஆலிக்காரர் ஒருவர், நெய்தல்காரர் ஒருவர். இருவரும் பித்தளை அளவுகோலின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, வட்டத்தின் இரண்டு விளிம்பிலும் விரலை வைத்து, "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் எண்ணைப் பார்க்கலாம். யாரும் யாரையும் ஏமாற்றக் கூடாது என்பதற்கு அந்த ஏற்பாடு. நெய்தலில் இருந்தே அளக்கலாமே என்றால், அங்கே நீராவி மேகம் வானத்தை மூடி முப்பது ஆண்டாகிவிட்டது. அங்கே பிறக்கிற பிள்ளைகள் தழலைக் கண்ணால் பார்த்ததில்லை.

அன்றைக்கும் அளந்தோம். வட்டம் கோட்டுக்கு அரை விரற்கடை உள்ளே நின்றது. நேற்றும் அதேதான். போன ஆண்டும் அதேதான். பத்தொன்பது ஆண்டாக அது அசையவில்லை.

அசையாததைக் கண்டுபிடித்தவள் நான். வீங்கும் நட்சத்திரம் நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கும் என்று விளக்கம் எழுதி, அதற்குத் 'தழலின் ஓய்வு' என்று பேரும் வைத்தேன். பள்ளியில் பாடமாக இருக்கிறது. எனக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

அளவுகோலைத் துடைத்து வைக்கும்போது பவளம் சொன்னாள். "அக்கா, அந்த இரும்புத் துண்டெல்லாம் எதுக்கு அண்ணாச்சி வெட்டிப் போடுதாக?"

அண்ணாச்சி என்றது என் கணவர் அருளப்பனை. குகையின் தண்டவாளம், தள்ளுவண்டி, கண்ணாடிச் சக்கரம் எல்லாம் அவர் பொறுப்பு. கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே நடக்க முடியாத வயதில் என்னைப்போல் இருப்பவர்களை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்.

"தண்டவாளம் வளருதும்மா," என்றார் அருளப்பன் வண்டிக்கு அடியிலிருந்து. "வருசத்துக்கு ஒரு சாண். சுவத்துல முட்டி நடுவுல முதுகைத் தூக்கிக்கும். வெட்டி விட்டாத்தான் படுக்கும்."

"இரும்பு வளருமா அண்ணாச்சி?"

"சூடு பட்டா நீளும். ஊரு பெருத்துப்போச்சில்ல? இத்தனை அடுப்பு, இத்தனை மூச்சு. குகையில சூடு ஏறத்தானே செய்யும்?"

எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். தெருவில் ஈரம் கசிந்தாலும், கூரையில் ஒரு துண்டு பெயர்ந்தாலும், ஊர் பெருத்துப்போச்சு என்போம். அதைச் சொல்லும்போது ஒரு சந்தோஷமும் இருக்கும்.

பவளம் விடவில்லை. "அக்கா, எத்தனை டிகிரி ஏறினா நானூறு மீட்டர் இரும்பு ஒரு சாண் நீளும்?"

மனக்கணக்குப் போட்டேன். நாற்பது டிகிரிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஒரே ஆண்டில். அடுத்த ஆண்டு இன்னொரு நாற்பது. பத்தொன்பது ஆண்டில் நாங்கள் எல்லோரும் வெந்து போயிருக்க வேண்டும். குகையில் ஏறியது மொத்தமே மூன்று டிகிரி.

"இரும்பு நீளலக்கா," என்றாள் அவள். "குகைதான் குட்டையாகுது. எங்க ஊர்ல ஐஸ் உருகுறத எல்லாரும் பாத்திருக்கோம். இளகிட்டா அது நிக்காது, நகரும். நீங்க அதப் பாறைன்னு நெனச்சிட்டிய."

"வாயை மூடு," என்றேன். அப்படித்தான் சொன்னேன். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. துளைக்கும் திரைக்கும் தூரம் குறைந்தால் வட்டமும் சின்னதாகும். தழல் வளர வளரக் குகை சுருங்கியிருக்கிறது. ஒன்று கூட்டியதை மற்றது கழித்துக்கொண்டே வந்திருக்கிறது. நான் நடுவில் நின்று ஓய்வு, ஓய்வு என்று எழுதியிருக்கிறேன்.

குகையை அளந்தோம். அது உருவான நாளுக்குப் பிறகு யாரும் அதை அளந்ததில்லை. பாறையை எதற்கு அளப்பது? சங்கிலியைப் போட்டு மூன்று முறை இழுத்தோம். மூன்று முறையும் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. வாசலில் வரிசையாக இருந்த பத்தொன்பது துண்டுகளின் நீளம் நான்கு மீட்டர்.

நானூறில் நான்கு என்றால் நூற்றில் ஒன்று. இரண்டு மீட்டர் வட்டத்தில் அது இரண்டு சென்டிமீட்டர், ஒரு விரற்கடை. அப்படியானால் வட்டம் கோட்டுக்கு அரை விரற்கடை உள்ளே இல்லை, அரை விரற்கடை வெளியே இருக்கிறது. கோட்டைத் தாண்டி ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்த ஒன்பது ஆண்டில் மூன்று முறை வழி திறந்து மூடியிருக்கிறது.

பவளம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கீழே அவள் கணவன் இசக்கிமுத்துவும் மகன் நீலனும் இருக்கிறார்கள். பையனை இரண்டு வயதில் விட்டுவிட்டு, போன வழி திறந்தபோது அளவர்களை மாற்றும் சின்ன ஓடத்தில் மேலே வந்தவள். நெய்தலில் பகலில் வெளியே வந்தால் வெக்கையில் தோல் கொப்புளிக்கிறது என்று மலைக்குள் குடைந்து வாழ்கிறார்கள். இந்தப் பதினொரு நாளில் கலம் கிளம்பாவிட்டால் அடுத்த வழிக்கு மூன்று ஆண்டு. பையனுக்குப் போன மாதத்திலிருந்து இருமல் என்று இசக்கிமுத்து செய்தி அனுப்பியிருந்தான்.

"கெளம்புங்கக்கா," என்றாள். "இப்பவே போய்ச் சொல்லணும்."

என்னால் உட்கார முடியவில்லை. நின்ற இடத்தில் நிற்கவும் முடியவில்லை.

ஊர்மன்றத் தலைவர் நாச்சியப்பன் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு சந்தேகம் என்றார்.

"நட்சத்திரம் ஏம்மா வீங்கணும்? எரிபொருள் தீர்ந்தா அடுப்பு அணையத்தானே செய்யும்?"

"நடு வயித்துலதான் ஐயா தீர்ந்திருக்கு. அங்க வெறும் சாம்பல். சாம்பலைச் சுத்தி ஓரத்துல இன்னும் எரியுது. சாம்பல் தன் பாரம் தாங்காம உள்ளுக்குள்ள இறுகுது. இறுக இறுகச் சூடு ஏறி, ஓரத்து நெருப்பு முன்னைவிட மூர்க்கமா எரியுது. அந்த வேகத்துல வெளியுடம்பு ஊதிப்போகுது. மேல்தோல் ஆறிச் சிவந்து போனாலும், உடம்பு பெருத்ததால மொத்தச் சூடு கூடிக்கிட்டேதான் இருக்கும்."

"நடுவுல நிக்குமா?"

"நிக்காது."

"நீங்கதானே நிக்கும்னு எழுதினீங்க?"

"ஆமா," என்றேன். "தப்பா எழுதினேன்."

முப்பத்தோர் ஆண்டில் அந்தச் சொல்லை மன்றத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்கில் அது ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை.

நாச்சியப்பன் ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார். "இதைப் படிங்க. 'திரையில் விழும் வட்டம் கோட்டைத் தொட்டால்'. நட்சத்திரம் தொட்டால்னு இல்ல, கணக்கு தொட்டால்னும் இல்ல. நாளைக்கு யார் வேணாலும் ஒரு கணக்கோட வருவாங்கம்மா. நான் நாலாயிரம் பேருக்குக் காத்து பாக்கணும். ஐந்நூறு பேர் வாட்டசாட்டமா வந்து இறங்கினா, எங்க படுக்க வைப்பேன்? இங்க இருக்கிறவங்க என்ன சொல்வாங்க? வட்டம் தொடட்டும், நானே கதவைத் திறக்கறேன்."

பவளம் முதல் தடவையாக வாய் திறந்தாள். "எங்க சனம் செத்துக்கிட்டிருக்கு ஐயா."

அவர் தலை குனிந்துகொண்டார். ஆனால் தாளைத் திருப்பி வைத்துவிட்டார்.

வெளியே வந்து நான் வேகமாக நடந்தேன். பவளம் அழுதுகொண்டே பின்னால் வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவர் மேல் கொஞ்சம், என் மேல் மிச்சமெல்லாம். குகை வாசலில் அருளப்பன் அந்தத் துண்டுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"நான்தானே வேதா வெட்டினேன்," என்றார். "ஒவ்வொரு வருசமும் கையில பிடிச்சுப் பாத்தேன். ஒரு தடவையாவது உன்கிட்ட காட்டியிருந்தா..."

"காட்டியிருந்தா நான் இரும்பு நீளும்னுதான் சொல்லியிருப்பேன். எழுந்திருங்க. ஒப்பந்தத்துல குகை எவ்வளவு நீளம்னு இருக்கு?"

"நானூறு."

"இப்ப?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து கடப்பாரையைத் தேடினார்.

குகையைப் பழுது பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அது அருளப்பனின் வேலை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. திரையைக் கழற்றி வைத்துவிட்டு, பின்சுவரை நான்கு மீட்டர் வெட்டத் தொடங்கினோம். மூன்று பேர். அதில் ஒருத்திக்கு அறுபது வயது, முட்டி வலி. முதல் இரண்டு நாள் கடப்பாரை துள்ளித் திரும்பியது. மூன்றாம் நாள் சுவருக்குள் ஓரிடத்தில் சத்தமே இல்லாமல் இறங்கியது. உள்ளே பனி கூழாக இருந்தது. அருளப்பன் அதைக் கையில் அள்ளி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாறை என்று நம்பி அதன்மேல் வீடு கட்டியவர் அவர். எங்கள் காலடியிலும் இதுதான் இருக்கும். ஆனால் அதற்கு அப்போது நேரமில்லை.

பவளம் சோறு தின்னவில்லை, தூங்கவும் இல்லை. தூங்கச் சொன்னால், "நீங்க தூங்குங்கக்கா" என்பாள். ஐந்தாம் நாள் கையெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. நான் பிடித்து உட்கார வைத்துத் துணி சுற்றினேன்.

"என் மேல உனக்குக் கோபமில்லையா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இருக்கு," என்றாள். "வெட்டி முடிச்சிட்டுக் கோவப்படுதேன்."

எட்டாம் நாள் சங்கிலி நானூறைக் காட்டியது. அருளப்பன் வெட்டிப் போட்ட துண்டுகளையே ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னால் தண்டவாளத்தை நீட்டினார். திரையைக் கடைசியில் நிறுத்தினோம். நாச்சியப்பனுக்கு ஆள் அனுப்பினேன். பழுது பார்ப்பு முடிந்தது, உச்சிப்பொழுதில் அளவு, வர வேண்டும் என்று.

வந்தார். மன்றத்தார் ஐந்து பேரும் வந்தார்கள். சங்கிலியை அவரையே இழுக்க வைத்தேன். இழுத்தார், மீண்டும் ஒருமுறை இழுத்தார்.

ஒளி திரையில் விழுந்தது. நானும் பவளமும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். என் விரல் விளிம்பைத் தேடியபோது அது பழகிய இடத்தில் இல்லை. கோட்டைக் கடந்து அந்தப் பக்கம் இருந்தது. பத்தொன்பது ஆண்டாக என் விரலுக்குப் பாடமாகியிருந்தது பழைய இடம்.

"ஆச்சு," என்றாள் பவளம்.

நான் விரலை எடுத்து மறுபடி விளிம்பில் வைத்துப் பார்த்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் "ஆச்சு" என்றேன்.

கோட்டுக்கு அரை விரற்கடை வெளியே. நாச்சியப்பன் குனிந்து எண்ணைப் பார்த்தார். நிமிர்ந்தபோது மன்றத்தில் ஒருவர், "ஐயா, இது செல்லுமா?" என்றார். நாச்சியப்பன் எரிந்து விழுந்தார். "குகை நானூறு இருக்கு, வட்டம் வெளியே இருக்கு. இன்னும் என்ன வேணும்? கலத்துக்கு ஆளப் பாருங்க. வரதுக்குள்ள காத்துக்கு ஏற்பாடு பண்ணணும்."

வழி மூட இரண்டு நாள் இருக்கும்போது பெருங்கலம் கிளம்பியது. போக ஓர் ஆண்டு, அதே சுற்றில் திரும்பி வர ஓர் ஆண்டு.

அந்த இரண்டு ஆண்டும் ஊர் ஒரு நிலையில் இல்லை. ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கூடம் குடைந்தார்கள். குடையும்போதே திட்டினார்கள். வருகிறவர்கள் நம் வேலையைப் பிடுங்குவார்கள் என்றார்கள், அவர்களே சேர்ந்து கம்பளிச் சட்டைகளும் தைத்தார்கள். பள்ளியில் என் பாடத்தை எடுத்துவிட்டார்கள். நானே போய் எடுக்கச் சொன்னேன். சொன்னபடி எடுத்தபோது வலித்தது.

கலம் நெய்தலை விட்டுக் கிளம்பிய அன்று பெயர்ப் பட்டியல் வந்தது. வெறும் பெயர்கள்தான். மன்றம் அதற்கு மேல் கேட்கவில்லை. பவளம் விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். ஓரிடத்தில் நின்றாள். நீலன். மறுபடி மேலிருந்து தொடங்கினாள். இசக்கிமுத்துவைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. இல்லை.

"சீட்டு அவுகளுக்குத்தான் விழுந்துச்சு," என்றாள் கடைசியில். "பத்து வருசத்துக்கும் முன்னாடி. தழல் கோட்டைத் தொட்டிருக்கும்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்க்கா, வெக்கையிலயே தெரிஞ்சது. இன்னைக்கோ நாளைக்கோ கலம் வந்திரும்னு அப்பவே சீட்டுக் குலுக்கி ஐந்நூத்திப் பன்னெண்டு பேரை எடுத்தாச்சு. நீலன் அப்பப் பொறக்கவே இல்ல."

"அப்புறம் எப்படி அவன் பேரு?"

"குடுத்துட்டாக. புள்ளைக்கு."

நான் அவள் தோளில் கை வைத்தேன். அவள் தட்டிவிடவில்லை.

திரும்பும் வழியில் எங்கள் மாலுமிகள் நால்வரும் அதிகம் பேசவில்லை. எல்லாரும் நலம், உணவு போதும், இன்ன நாளில் வந்து சேர்வோம். அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல வேண்டாம் என்று கீழே இருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்களாம். சொன்னால் நாங்கள் கதவைத் திறக்கத் தயங்குவோமோ என்று அவர்களுக்குப் பயம்.

கலம் வந்து ஒட்டிய நாளில் ஊரே துறையில் நின்றது. முன்வரிசையில் நாச்சியப்பன், பக்கத்தில் மடித்து அடுக்கிய கம்பளிச் சட்டைகள். சண்டை வந்தால் பிடிக்க நாலு வாட்டசாட்டமான ஆட்களையும் நிறுத்தியிருந்தார். கதவு திறந்தது. முதலில் ஒரு சின்னப் பெண் வந்தாள், கையில் அவளைவிடச் சின்னவன் ஒருவன். அடுத்து இரண்டு பிள்ளைகள். அடுத்து நான்கு. படியில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். குளிரில் பல் கிட்டியது. நாங்கள் அவர்களுக்குப் பின்னால் பெரியவர்கள் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். பிள்ளைகள்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

ஏழு வயதுப் பையன் ஒருவனைப் பார்த்துப் பவளம் ஓடினாள். அவன் அவளை அடையாளம் தெரியாமல் பயந்து பின்வாங்கினான். அவள் தரையில் உட்கார்ந்து அவன் உயரத்துக்கு வந்து, ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாச்சியப்பன் ஒரு சட்டையை எடுத்து முன்னால் நின்ற பெண்ணுக்குப் போட்டார். அது அவள் காலுக்குக் கீழே தரையில் புரண்டது. அவர் மண்டியிட்டுக் கையை மடித்துவிடத் தொடங்கினார். "உங்க பெரியவங்க எங்கம்மா?" என்றார்.

"அடுத்த நடைக்கு வாராக," என்றாள் அவள். கூட்டத்தில் அவள்தான் பெரியவள் போலிருந்தது. "சீட்டு விழுந்தப்ப நாங்க யாரும் பொறக்கல. அதனால சீட்டு இருந்தவுக எல்லாரும் கூடிப் பேசி எங்களுக்குக் குடுத்துட்டாக."

"உனக்கு என்ன வயசு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பதினொண்ணு."

கோட்டைத் தாண்டிய ஒன்பதரை ஆண்டும், கலம் போய் வந்த இரண்டும். இவளுக்குப் பின்னால் பத்து வயது, ஒன்பது வயது, எட்டு வயது. நான் தப்பாக அளந்த ஒவ்வோர் ஆண்டிலும் பிறந்தவர்கள் என் கண் முன்னால் வரிசையாக நின்றார்கள். நான் சரியாக அளந்திருந்தால் அந்த ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அப்போதே வந்திருப்பார்கள். இந்தப் பிள்ளைகள் இங்கே பிறந்து, இன்றைக்கு அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு யாரையோ வேடிக்கை பார்க்கத் துறைக்கு வந்திருப்பார்கள்.

அந்தப் பெண் குளிரில் நடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்க யாரு?" என்றாள்.

நான் ஒரு சட்டையை எடுத்து அவள் கையில் இருந்த சின்னவனுக்குச் சுற்றினேன். என் பேரைச் சொன்னேன். என்ன செய்தேன் என்பதையும் அங்கேயே, எல்லோர் முன்னாலும், அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.